விரிதாளில் ஒப்பீட்டுப் பட்டை வரைபடம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

விரிதாளில் எண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு கிளிக் செய்தால் போதும், பட்டை வரைபடம் வந்துவிடும். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தவர், "சரி, இதில் நான் எதைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒப்பீட்டு வரைபடம் என்றால் எதையோ எதனோடோ ஒப்பிட வேண்டும். எதை எதனோடு என்பது மென்பொருளுக்குத் தெரியாது. அதை முடிவு செய்யாமல் நிறத்தையும் எழுத்தையும் எவ்வளவு மாற்றினாலும் படம் பேசாது.

எக்செலைத் திறந்து எண்களைத் தட்டவும், கூட்டல் போடவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். செய்முறையை எக்செலை வைத்தே சொல்கிறேன். லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் வழி மாறும் இடங்களை அங்கங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் பெயர் கொஞ்சம் மாறலாம், வேலை ஒன்றுதான்.

உதாரணத்துக்குக் கற்பனைக் கடையின் கற்பனை விற்பனையை எடுப்பதைவிட உண்மையான எண்களை எடுப்பது நல்லது. உண்மையான எண்களில்தான் உண்மையான சிக்கல்கள் வரும். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தென்மாநிலங்களில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களின் எழுத்தறிவு விகிதம் இது (சதவீதத்தில்):

மாநிலம் | 2001 | 2011
கேரளம் | 87.72 | 92.07
தமிழ்நாடு | 64.43 | 73.44
கர்நாடகம் | 56.87 | 68.08
ஆந்திரப் பிரதேசம் | 50.43 | 59.15

2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், பத்தாண்டு இடைவெளியில் ஒப்பிட நம்மிடம் இருக்கும் கடைசி இரண்டு ஆண்டுகள் இவைதான். தெலங்கானா 2014-இல்தான் பிரிந்தது. ஆகவே இங்கே ஆந்திரம் என்பது பிரிவதற்கு முந்தைய ஆந்திரம். இந்தக் குறிப்பு கடைசியில் படத்துக்குள்ளேயே போக வேண்டும், மறக்காதீர்கள்.

மவுஸைத் தொடும் முன் ஒரு வாக்கியம்

இந்த எட்டு எண்களை வைத்து என்ன சொல்லப் போகிறோம்? ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள்.

"2011-இல் பெண் எழுத்தறிவில் எந்த மாநிலம் முன்னால் நிற்கிறது?" என்றால் கேரளம் முதலிடம், தமிழ்நாடு இரண்டாமிடம். இதற்கு 2001 எண்களே தேவையில்லை. நான்கு பட்டைகள் போதும்.

"பத்து ஆண்டுகளில் எந்த மாநிலம் அதிகம் உயர்ந்தது?" என்றால் இரண்டு ஆண்டுகளின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். கர்நாடகம் 11.21, தமிழ்நாடு 9.01, ஆந்திரம் 8.72, கேரளம் 4.35. முதலிடத்தில் இருந்த கேரளம் இங்கே கடைசிக்குப் போய்விட்டது.

இது கேரளத்துக்கு நியாயமா என்று உங்களுக்குத் தோன்றினால் நல்ல கேள்விதான் கேட்கிறீர்கள். 2001-லேயே 87.72 இருந்த மாநிலத்துக்கு மேலே ஏற மிச்சம் இருந்ததே 12.28 தான். அந்த மிச்சத்தில் எவ்வளவு பங்கைப் பத்தாண்டில் அடைத்தார்கள் என்று கணக்குப் போட்டால் கேரளம் சுமார் 35 சதவீதம், கர்நாடகம் 26, தமிழ்நாடு 25, ஆந்திரம் 18. கேரளம் மறுபடியும் முதலிடம்.

ஒரே அட்டவணைதான். வாக்கியம் மூன்று, வரிசை மூன்று. எந்த வாக்கியத்துக்காகப் படம் வரைகிறோம் என்று நமக்கே தெரியாவிட்டால் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? இந்தக் கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் வாக்கியம்: "ஒவ்வொரு மாநிலமும் 2001-இல் எங்கே இருந்தது, 2011-இல் எங்கே வந்தது?" இதற்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு பட்டைகள் ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டி நிற்பதைத்தான் கண் முதலில் ஒப்பிடும்.

பட்டை வரைபடத்தின் தொடக்கமே இப்படி ஜோடி ஜோடியாகத்தான் இருந்தது. வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1786-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து வணிகத்தைப் படமாகப் போட்டார். இங்கிலாந்துக்குப் பல ஆண்டு எண்கள் கிடைத்ததால் கோடுகளாக வரைந்தவர், ஸ்காட்லாந்துக்கு ஒரே ஓர் ஆண்டின் எண்கள்தான் கையில் இருந்ததால் அது வணிகம் செய்த பதினேழு இடங்களுக்கும் இறக்குமதிக்கு ஒன்று, ஏற்றுமதிக்கு ஒன்று எனப் பட்டைகளை அடுக்கிவிட்டார். இன்று நாம் எக்செலில் இரண்டு கிளிக்கில் போடுவது அதே படத்தைத்தான்.

வட்டப் படம் போட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள். 1984-இல் வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அளவுகோலின் மேல் ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதை மனிதக் கண் துல்லியமாகக் கணிக்கிறது, கோணத்தைக் கணிப்பதில் அதிகம் தடுமாறுகிறது என்று கண்டார்கள். பட்டைகளின் முனைகள் ஒரே அளவுகோலில் நிற்கின்றன; வட்டத்தின் துண்டுகள் கோணங்களாக நிற்கின்றன. ஒப்பிடத்தான் போகிறோம் என்றால் பட்டையே போதும்.

அட்டவணையைச் சரியாக அடுக்குவது

வரைபடம் கோணலாக வந்தால் பெரும்பாலும் குற்றம் அட்டவணையில்தான் இருக்கும். முதல் நெடுவரிசையில் மாநிலங்களின் பெயர், அடுத்த இரண்டில் எண்கள், மேல் வரிசையில் தலைப்பு. நடுவில் காலி வரிசை வேண்டாம். செல்களை மெர்ஜ் செய்ய வேண்டாம். கீழே 'மொத்தம்' என்று ஒரு வரிசை இருந்தால் அதைத் தேர்வில் சேர்க்காதீர்கள். விற்பனை, மக்கள்தொகை போன்ற எண்களில் மொத்தத்தின் பட்டை வானுயர நின்று மற்ற எல்லாவற்றையும் குள்ளமாக்கிவிடும்.

நம் அட்டவணையில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. தலைப்பில் இருக்கும் 2001, 2011 இரண்டும் எண்கள். தலைப்பே எண்ணாக இருந்தால் அது தலைப்பா தரவா என்று எக்செல் குழம்பும். சில சமயம் 2001 என்பதையே ஒரு பட்டையாக வரைந்துவிடும். எழுத்தறிவு 70 சதவீதத்துக்குப் பக்கத்தில் 2001 உயரத்தில் ஒரு தூண் நின்றால் காரணம் இதுதான். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இடது மூலையில் 'மாநிலம்' என்று எழுதியிருக்கும் செல்லைக் காலியாக விட்டுவிடலாம். அல்லது ஆண்டுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு '2001 என்று தட்டலாம். அது எழுத்தாக மாறிவிடும், குறி திரையில் தெரியாது. கால்க்கில் வரைபடம் போடும்போது 'ஃபர்ஸ்ட் ரோ அஸ் லேபிள்' என்பதையும், கூகுள் ஷீட்ஸில் 'யூஸ் ரோ ஒன் அஸ் ஹெடர்ஸ்' என்பதையும் டிக் செய்தால் பிரச்சினை தீரும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. இணையப் பக்கத்திலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ காப்பி செய்த எண்கள் பார்க்க எண் போல இருக்கும், உள்ளே எழுத்தாக இருக்கும். அப்போது பட்டையே எழும்பாது, எல்லாம் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கும். செல்லுக்குள் எண் இடது பக்கம் ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள்; அப்படி நின்றால் அது எழுத்து. எக்செலில் செல் மூலையில் பச்சை முக்கோணம் தெரிந்தால் அதைத் தொட்டு 'கன்வர்ட் டு நம்பர்' கொடுங்கள். முக்கோணம் இல்லையென்றால் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, 'டேட்டா' தாவலில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' திறந்து நேரே 'ஃபினிஷ்' அழுத்துங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியாக, அட்டவணையை வரிசைப்படுத்துங்கள். அகர வரிசை அகராதிக்குத்தான் நல்லது. படத்தில் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வந்தால் பார்ப்பவர் தேட வேண்டியதில்லை. நம் அட்டவணை 2011 எண்ணின்படி ஏற்கெனவே இறங்கு வரிசையில் இருக்கிறது.

வரைதல்

1. தலைப்பு வரிசையையும் மாநிலப் பெயர்களையும் சேர்த்து முழு அட்டவணையையும் தேர்ந்தெடுங்கள். நடுவில் வேண்டாத நெடுவரிசை இருந்தால் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம்.

2. 'இன்சர்ட்' தாவலில் சார்ட்ஸ் பகுதிக்குப் போய், பட்டைகள் போட்ட சின்னத்தைத் தொடுங்கள். 'டூ-டி காலம்' என்ற வரிசையில் முதலில் இருக்கும் 'கிளஸ்டர்டு காலம்' தான் நமக்கு வேண்டியது. ஆல்ட் விசையோடு எஃப்1 அழுத்தினாலும் வழக்கமாக இதே படம் வந்துவிடும்.

3. அடியில் மாநிலப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கு மேலும் இரண்டு பட்டைகள், அப்படி வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பதில் அடியில் 2001, 2011 என்று இரண்டே கூட்டமாக வந்திருந்தால், படத்தைத் தொட்டு 'சார்ட் டிசைன்' தாவலில் 'ஸ்விட்ச் ரோ/காலம்' அழுத்துங்கள்.

இந்த மூன்றாவது படியில் கொஞ்சம் நில்லுங்கள். முதலில் எழுதிய வாக்கியத்தைப் படமாக்குவது இந்த ஒரு பட்டன்தான். ஒரு முறை அழுத்தினால் ஒவ்வொரு மாநிலத்தின் இரண்டு ஆண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இன்னொரு முறை அழுத்தினால் ஒவ்வோர் ஆண்டின் நான்கு மாநிலங்களும் சேர்ந்து நிற்கும். வரிசையா நெடுவரிசையா, எது எண்ணிக்கையில் அதிகமோ அதை எக்செல் தானாக அடியில் ஓடும் அச்சில் வைத்துவிடும். அது எண்ணிக்கையைப் பார்த்து எடுத்த முடிவு, உங்கள் வாக்கியத்தைப் படித்து எடுத்த முடிவில்லை. இரண்டு விதமாகவும் அழுத்திப் பார்த்து, எதில் உங்கள் வாக்கியம் கண்ணில் படுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கால்க்கில் 'இன்சர்ட்' மெனுவில் 'சார்ட்' கொடுத்தால் நான்கு படிகள் உள்ள ஒரு வழிகாட்டிப் பெட்டி திறக்கும். இரண்டாவது படியில் 'டேட்டா சீரிஸ் இன் ரோஸ்', 'டேட்டா சீரிஸ் இன் காலம்ஸ்' என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் இதே வேலை. கூகுள் ஷீட்ஸில் வலது பக்கம் திறக்கும் சார்ட் எடிட்டரின் 'செட்டப்' பகுதியில் கீழே போனால் 'ஸ்விட்ச் ரோஸ்/காலம்ஸ்' இருக்கும். கைப்பேசியில் ஷீட்ஸ் வைத்திருப்பவர்கள் செல்களைத் தேர்ந்தெடுத்து மேலே உள்ள கூட்டல் குறியைத் தொட்டு 'சார்ட்' எடுக்கலாம். வரைய முடியும், நுணுக்கமான மாற்றங்களைக் கணினியில் செய்வதே வசதி.

சின்னங்களைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. 'கிளஸ்டர்டு' பக்கத்திலேயே 'ஸ்டேக்டு' இருக்கும், பார்க்க ஒன்று போலவே இருக்கும். அதைத் தொட்டால் தமிழ்நாட்டின் 64.43 மேல் 73.44 ஏறி உட்கார்ந்து 137.87 உயரத்துக்கு ஒரு தூண் நிற்கும். 137 சதவீத எழுத்தறிவு என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. ஒரு முழுமையின் பகுதிகளைக் காட்டத்தான் அடுக்குப் பட்டை. முப்பரிமாணப் பட்டைகளையும் விட்டுவிடுங்கள். முன்னால் நிற்பது பெரிதாகவும் பின்னால் நிற்பது சிறிதாகவும் தெரியும், பட்டையின் முனை எந்தக் கோட்டில் முட்டுகிறது என்றே புரியாது.

அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும்

மாற்றங்களில் முதலில் பார்க்க வேண்டியது செங்குத்து அச்சு. அச்சில் உள்ள எண்களின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃபார்மேட் ஆக்சிஸ்' திறந்தால் 'மினிமம்', 'மேக்சிமம்' இரண்டும் தெரியும். மினிமம் 0, மேக்சிமம் 100 என்று நீங்களே தட்டிவிடுங்கள். சதவீதத்துக்கு 100-க்கு மேல் இடம் தேவையில்லை.

"கீழே காலி இடம் வீணாகிறதே, 50-இல் தொடங்கினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியுமே" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். நம் எண்களிலேயே அதைச் செய்து பார்ப்போம். 2001-இல் கேரளம் 87.72, ஆந்திரம் 50.43. உண்மையில் கேரளத்தின் எண் ஆந்திரத்தைப் போல 1.74 மடங்கு. அச்சை 50-இல் தொடங்கினால் கேரளத்தின் பட்டைக்கு 37.72 அளவு உயரம் இருக்கும், ஆந்திரத்தின் பட்டைக்கு 0.43 அளவு உயரம்தான் மிஞ்சும். ஏறத்தாழ 88 மடங்கு! ஆந்திரத்தில் பெண்கள் யாருமே படிக்கவில்லை என்பது போலப் படம் சொல்லும். அந்த ஆண்டில் அங்கே பாதிப் பெண்கள் படித்திருந்தார்கள். எண்கள் எல்லாம் சரி, படம் சொல்வது பொய்.

பட்டையின் நீளம்தான் அளவு. அதன் காலை வெட்டினால் அளவே மாறிவிடுகிறது. கோட்டு வரைபடத்தில் இந்தக் கட்டுப்பாடு இவ்வளவு இறுக்கமில்லை, பட்டையில் தளர்த்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேரளத்தில் 2011-இன் ஆண், பெண் எழுத்தறிவை (96.11, 92.07) வரைவது போல எண்கள் மிக நெருக்கமாக இருக்கும்போது, எக்செல் தானாகவே அச்சைப் பூஜ்யத்துக்கு மேலே எங்காவது தொடங்கிவிடும். ஆகவே நீங்கள் எதையும் தொடாவிட்டாலும் அச்சின் அடி எண்ணை ஒரு முறை பாருங்கள். கூகுள் ஷீட்ஸில் 'கஸ்டமைஸ்' பகுதியில் 'வெர்டிகல் ஆக்சிஸ்' திறந்தால் மின், மேக்ஸ் பெட்டிகள் இருக்கும். சிறிய வித்தியாசம்தான் உங்கள் செய்தி என்றால், அட்டவணையில் வித்தியாசத்தைத் தனி நெடுவரிசையாகக் கழித்து எடுத்து, அதற்குத் தனிப் பட்டை வரையுங்கள். அந்த அச்சும் பூஜ்யத்தில்தான் தொடங்கும், யாரையும் ஏமாற்றாது.

இடைவெளி

எக்செலில் வந்த படத்தை உற்றுப் பார்த்தால் பட்டைகள் ஒல்லியாகவும், மாநிலங்களுக்கு நடுவே இடம் அகலமாகவும், ஜோடிக்கு உள்ளே ஒரு சின்னச் சந்தும் இருக்கும். ஏதாவது ஒரு பட்டையின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஃபார்மேட் டேட்டா சீரிஸ்' திறந்து பாருங்கள். 'கேப் விட்த்' 219 என்றும், 'சீரிஸ் ஓவர்லேப்' மைனஸ் 27 என்றும் இருக்கும். 219 என்றால் இரண்டு கூட்டங்களுக்கு நடுவே ஒரு பட்டையின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான இடம். மைனஸ் 27 என்றால் ஜோடியின் இரண்டு பட்டைகளுக்கு நடுவே கால் பட்டைக்குக் கொஞ்சம் கூடுதலான சந்து.

ஓவர்லேப்பை 0 ஆக்குங்கள், ஜோடி ஒட்டிக்கொள்ளும். கேப் விட்த்தை 60-க்கும் 80-க்கும் நடுவில் கொண்டுவாருங்கள். பட்டை பருமனாகி எண் எழுத இடம் கிடைக்கும். இந்த இரண்டு எண்களை மாற்றினாலே படம் வேறு ஆளாகிவிடும். கல்யாணப் பந்தியில் ஒரே குடும்பத்தார் சேர்ந்து உட்கார்ந்திருப்பது போல, எந்த இரண்டு ஒன்றைச் சேர்ந்தவை என்பது பார்த்தவுடன் தெரியும். இலக்கு எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று காட்டும் படங்களுக்கு ஓவர்லேப்பை 30, 40 என்று ஏற்றி ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படியும் வைக்கலாம். கால்க்கில் படத்தை இரட்டைக் கிளிக் செய்து, பிறகு பட்டையை இரட்டைக் கிளிக் செய்தால் 'ஆப்ஷன்ஸ்' தாவலில் 'ஸ்பேசிங்', 'ஓவர்லேப்' என்று இதே இரண்டும் கிடைக்கும்.

நிறம்

2001-க்கு வெளிர் சாம்பல், 2011-க்கு அடர் நீலம். இதுவே போதும். பழையது மங்கலாகவும் புதியது அழுத்தமாகவும் இருந்தால் லெஜண்டை (எந்த நிறம் எதற்கு என்று சொல்லும் சின்னக் குறிப்பை) பார்க்காமலே எது எந்த ஆண்டு என்று ஊகிக்க முடியும். அலுவலகத்தில் இது கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரே அளவு அழுத்தமுள்ள இரண்டு நிறங்கள் ஜெராக்ஸில் ஒரே சாம்பலாகிவிடும். சிவப்பும் பச்சையும் வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக இருக்கிறார்கள். இன்னொன்று, தமிழ்நாட்டில் கறுப்பையும் சிவப்பையும் பக்கத்தில் வைத்தால் வாசகர் மனம் கட்சிக் கொடிக்குப் போய்விடும். அரசியல் இல்லாத படத்தில் அந்த ஜோடியைத் தவிர்ப்பதே நல்லது.

ஒரு பட்டையை ஒரு முறை கிளிக் செய்தால் அந்த ஆண்டின் நான்கு பட்டைகளும் தேர்வாகும். சற்று விட்டு அதே பட்டையை இன்னொரு முறை கிளிக் செய்தால் அது மட்டும் தேர்வாகும். கர்நாடகத்தின் உயர்வுதான் செய்தி என்றால் கர்நாடகத்தின் 2011 பட்டைக்கு மட்டும் ஆரஞ்சு கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் தனித்தனி நிறம் கொடுத்தால் எதுவுமே தனித்துத் தெரியாது.

எண்களும் தலைப்பும்

படத்தின் வலது ஓரத்தில் தெரியும் கூட்டல் குறியைத் தொட்டு 'டேட்டா லேபிள்ஸ்' டிக் செய்து 'அவுட்சைட் எண்ட்' கொடுங்கள். ஒவ்வொரு பட்டையின் தலையிலும் எண் வரும். எண் வந்துவிட்டால் பின்னால் ஓடும் கிரிட் கோடுகளுக்கு வேலையில்லை, தேர்ந்தெடுத்து டெலீட் செய்யுங்கள். இடது ஓர அச்சையும் எடுத்துவிடலாம். 0, 100 என்று நீங்கள் தட்டியதை உறுதி செய்த பிறகு 'லேபிள் பொசிஷன்' என்பதில் 'நன்' கொடுப்பது பாதுகாப்பான வழி. அச்சையே அழித்தால் அளவு கண்ணுக்குத் தெரியாமல் மாறிப்போகலாம்.

73.44 என்ற இரண்டு தசம இடங்கள் படத்துக்கு அதிகம். லேபிளின் மேல் ரைட் கிளிக், 'ஃபார்மேட் டேட்டா லேபிள்ஸ்', அதில் 'நம்பர்', தசம இடம் 0. இப்போது 64, 73 என்று வரும். முழு எண்ணாக்கிய பிறகு வித்தியாசம் தப்பாகத் தெரியவில்லையே என்று சரிபாருங்கள். நம் படத்தில் கேரளம் 88, 92; கர்நாடகம் 57, 68; ஆந்திரம் 50, 59. வித்தியாசம் 4, 11, 9 என்று உண்மைக்கு ஒத்தே வருகிறது. சில தரவுகளில் இது உதைக்கும், அப்போது ஒரு தசம இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

சதவீதக் குறி வேண்டும் என்று 'பெர்சன்டேஜ்' வகையைத் தேர்ந்தெடுத்தால் 73.44 என்பது 7344% ஆகிவிடும், எக்செல் 0.7344 என்ற எண்ணைத்தான் 73 சதவீதம் என்று புரிந்துகொள்ளும். இப்படி நேரே 73.44 என்று தட்டிய எண்களுக்கு 'கஸ்டம்' வகையில் 0"%" என்று எழுதிச் சேருங்கள். எண் அப்படியே இருக்கும், பக்கத்தில் குறி மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

தலைப்பில் 'சார்ட் டைட்டில்' என்று அப்படியே விட்டுவிட்டு அனுப்பப்படும் அறிக்கைகள் ஏராளம். முதலில் தாளில் எழுதிய வாக்கியத்துக்கு என்ன பதில் கிடைத்ததோ அதைத் தலைப்பாக்குங்கள்: "பெண் எழுத்தறிவு, 2001–2011: நான்கு மாநிலங்களில் கர்நாடகத்தின் உயர்வே அதிகம்". அதற்குக் கீழே சிறிய எழுத்தில் "ஏழு வயதும் மேலும், சதவீதம்". இங்கே ஓர் எச்சரிக்கை. 64.43-லிருந்து 73.44-க்குப் போனால் "9 சதவீதம் உயர்வு" என்று எழுதக் கை போகும். அது 9 சதவீதப் புள்ளி உயர்வு. சதவீதமாகச் சொன்னால் 64.43-இல் 9.01 என்பது 14 சதவீதம். பத்திரிகைகளிலும் அடிக்கடி இந்த இடம் தவறிப்போகிறது. தலைப்பில் தவறினால் படம் முழுவதும் தவறுதான்.

மாதாமாதம் மாறும் படம் என்றால் தலைப்பை ஒரு செல்லோடு கட்டிவிடலாம். தலைப்பைத் தேர்ந்தெடுத்து, மேலே ஃபார்முலா பெட்டியில் சமக்குறி போட்டு, வாக்கியம் இருக்கும் செல்லைக் கிளிக் செய்து என்டர் அழுத்துங்கள். செல் மாறினால் தலைப்பும் மாறும்.

ஆதாரக் குறிப்பைப் போடப் படத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் 'இன்சர்ட்' தாவலில் 'டெக்ஸ்ட் பாக்ஸ்' எடுங்கள். அப்படிச் செய்தால் பெட்டி படத்துக்குள்ளேயே இருக்கும், படத்தை எங்கே காப்பி செய்தாலும் கூடவே வரும். "ஆதாரம்: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2001, 2011. ஆந்திரம் பிரிவதற்கு முந்தைய எல்லை." என்று எழுதிவிட்டால், தெலங்கானா எங்கே என்று கேட்பவருக்குப் பதில் அங்கேயே இருக்கும்.

பெயர்கள் நீளமானால் படுக்க வையுங்கள்

மாநிலங்களுக்குப் பதில் மாவட்டங்களை எடுத்தால் திருவண்ணாமலை, ராமநாதபுரம், கன்னியாகுமரி என்று நீளும். நின்ற பட்டைகளுக்குக் கீழே இந்தப் பெயர்களுக்கு இடம் போதாது. எக்செல் சாய்த்து எழுதும், கழுத்தைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களுக்குக் கிடைமட்டப் பட்டை பல நேரங்களில் நல்ல தேர்வு. 'சார்ட் டிசைன்' தாவலில் 'சேஞ்ச் சார்ட் டைப்' போய் 'கிளஸ்டர்டு பார்' எடுங்கள்.

எடுத்தவுடன் வரிசை தலைகீழாகிவிடும். அட்டவணையில் முதலில் இருந்த கேரளம் அடியில் போய் நிற்கும், ஜோடிக்குள்ளும் 2001 கீழேயும் 2011 மேலேயும் வரும். பெயர்கள் இருக்கும் அச்சில் ரைட் கிளிக் செய்து 'ஃபார்மேட் ஆக்சிஸ்' திறந்து 'கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' டிக் செய்யுங்கள். இரண்டும் ஒன்றாக நேராகும். அதோடு எண்கள் உள்ள அச்சு மேலே ஏறிவிடும்; அதே பெட்டியில் 'அட் மேக்சிமம் கேட்டகரி' தேர்ந்தெடுத்தால் திரும்பவும் கீழே வரும். கால்க்கில் 'ரிவர்ஸ் டைரக்‌ஷன்', கூகுள் ஷீட்ஸில் 'ரிவர்ஸ் ஆக்சிஸ் ஆர்டர்'.

எழுத்துரு விஷயத்தில் தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்னும் பல அலுவலகங்களில் புழக்கத்தில் இருக்கின்றன. செல்லில் தமிழாகத் தெரியும் பெயர், படத்துக்குள் போனதும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும். அந்தக் கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டிக்கொண்டிருந்தது. படம் தன் சொந்த எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. படத்தின் எழுத்துருவை மாற்றிச் சமாளிக்கலாம், ஆனால் வேறு கணினியில் திறந்தால் மறுபடியும் குழப்பம்தான். பெயர்களை யூனிகோடுக்கு (எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும் முறைக்கு) மாற்றிவிட்டு லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

எதைச் சேர்க்கக் கூடாது

ஒரே படத்தில் எழுத்தறிவு சதவீதத்தையும் மக்கள்தொகையையும் போட வேண்டாம். தமிழ்நாட்டின் 2011 மக்கள்தொகை சுமார் 7.21 கோடி. அதன் பக்கத்தில் 73 என்ற பட்டை கண்ணுக்கே தெரியாது. வலது பக்கம் இரண்டாவது அச்சு வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும்; வைத்தால் இரண்டு பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று நின்று ஒன்றை ஒன்று மறைக்கும், மறைக்காவிட்டாலும் வெவ்வேறு அலகுகளை நீளத்தால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. இரண்டு படமாகப் போடுங்கள்.

ஒரு கூட்டத்தில் மூன்று பட்டைகள் வரை தாங்கும். 1981, 1991, 2001, 2011 என்று நான்கு ஆண்டுகளை அடுக்கினால் கண் எதை எதனோடு சேர்ப்பது என்று அலையும். பல ஆண்டுகள் என்றால் கோட்டு வரைபடத்துக்கு மாறிவிடலாம், அல்லது மாநிலத்துக்கு ஒன்றாகச் சிறிய படங்களை ஒரே அச்சு அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

முடித்து அனுப்பும்போது

படத்தை நகர்த்தும்போது ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டால் செல்லின் ஓரத்தோடு ஒட்டி நேராக நிற்கும். நெடுவரிசையை அகலமாக்கினால் படமும் இழுபடுகிறது என்றால் 'ஃபார்மேட் சார்ட் ஏரியா'வில் 'ப்ராப்பர்ட்டீஸ்' போய் 'டோன்ட் மூவ் ஆர் சைஸ் வித் செல்ஸ்' கொடுங்கள். வேர்டுக்கோ பவர்பாயிண்ட்டுக்கோ எடுத்துப் போகும்போது, எண்கள் இனி மாறாது என்றால் படமாகவே ஒட்டிவிடுங்கள். இணைப்பாக ஒட்டிவிட்டு விரிதாளை வேறு இடத்துக்கு மாற்றினால் எண்கள் புதுப்பிக்கப்படாது. கூகுள் ஷீட்ஸில் படத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் டவுன்லோடு கிடைக்கும்.

இவ்வளவு மெனக்கெட்டுச் செய்த அமைப்பை அடுத்த படத்துக்கு மறுபடி முதலிலிருந்து செய்யத் தேவையில்லை. படத்தின் ஓரத்தில் ரைட் கிளிக் செய்து 'சேவ் அஸ் டெம்ப்ளேட்' கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். அடுத்த முறை எண்களைத் தேர்ந்தெடுத்து, 'ரெகமண்டட் சார்ட்ஸ்' திறந்து, 'ஆல் சார்ட்ஸ்' தாவலில் 'டெம்ப்ளேட்ஸ்' போனால் அது காத்திருக்கும். நிறம், இடைவெளி, எழுத்துரு எல்லாம் அப்படியே வரும். நீங்கள் பூஜ்யம், நூறு என்று தட்டிய அச்சு அளவுகளும் கூடவே வந்திருக்கலாம். புதிய தரவு ரூபாயாகவோ ஆட்களாகவோ இருந்தால் அந்த 100-ஐ மட்டும் எடுத்துவிட்டு, பூஜ்யத்தை அப்படியே விட்டுவிடுங்கள்.